ரயில் நிலையத்திலிருந்து தொடங்குங்கள்: கோலாலம்பூரைக் குறைந்த செலவில் சுற்றிப் பார்க்க ஒரு வழிகாட்டி

கோலாலம்பூருக்கு வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக வந்து சேருபவர்களில் பலர், சில வாரங்களுக்குள்ளாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: அறையை விட்டு வெளியே காலெடுத்து வைத்தாலே ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) கரைந்துவிடும், ஆகவே விடுமுறை நாளில் படுத்துத் தூங்குவதே சிக்கனம். ஈப்போவிலிருந்தோ கூலிமிலிருந்தோ வந்த கல்லூரி மாணவரும் இதைச் சொல்கிறார். திருச்சியிலிருந்து வேலை அனுமதியில் வந்த பொறியாளரும் இதையே சொல்கிறார். அந்த ஐம்பது வெள்ளி எங்கே போனது என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தால், நுழைவுக் கட்டணம் என்ற வகையில் அநேகமாக ஒன்றுமே இருக்காது. கிராப் வாடகைக் காருக்குப் போகவர ஒரு தொகை, பேரங்காடியில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு தொகை, வெயில் தாங்காமல் இடையிடையே வாங்கிய குளிர்பானங்களுக்கு ஒரு தொகை என்றே அது போயிருக்கும்.

இந்த நகரத்தில் பார்க்கத் தகுந்தவற்றில் பெரும்பகுதிக்குக் கட்டணம் கிடையாது, அல்லது சில வெள்ளிகளோடு முடிந்துவிடும். செலவெல்லாம் ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவில்தான். ஆகவே இலவச இடங்களின் பட்டியலைத் தேடி அலைவதைவிட, எதில் போவது, எந்த நேரத்தில் போவது, எங்கே சாப்பிடுவது ஆகியவற்றை வீட்டை விட்டுக் கிளம்புமுன் தீர்மானித்துக்கொள்வது அதிகப் பயன் தரும்.

முதல் படி: பயணச் செலவைக் கட்டுக்குள் கொண்டுவருதல்

டச் அண்ட் கோ அட்டை இல்லாதவர்கள் முதலில் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில் ஆகிய நகர ரயில்கள், கே.டி.எம். கம்யூட்டர் என்ற புறநகர் ரயில், ரேபிட் பேருந்து எல்லாவற்றுக்கும் இந்த ஓர் அட்டையே போதும். ரேபிட் கே.எல். நடத்தும் நகர ரயில்களில் இயந்திரத்தில் ரொக்கம் போட்டு டோக்கன் எடுத்தால், அதே தூரத்துக்கு அட்டையைவிடச் சற்றுக் கூடுதலாகவே பிடிக்கும். பேருந்தில் நிலைமை இன்னும் கறார். ஓட்டுநர் ரொக்கம் வாங்கவே மாட்டார்.

மலேசியக் குடிமக்களுக்கு மை50 என்ற மாதப் பயண அட்டை உண்டு. 50 ரிங்கிட் கட்டினால் 30 நாட்களுக்கு ரேபிட் கே.எல். ரயில்களிலும் பேருந்துகளிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம். வேலைக்குப் போய்வருவதற்காக இதை ஏற்கெனவே வாங்கியிருப்பவருக்குச் சனி, ஞாயிறு பயணங்கள் கூடுதல் செலவில்லாமல் கிடைக்கின்றன. ஆனாலும் அந்த இரண்டு நாட்களிலும் கிராப் அழைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. இந்த அட்டை கே.டி.எம். கம்யூட்டருக்குச் செல்லாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குடிமக்களான மாணவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் ஒருமுறை பதிவு செய்துகொண்டால் பாதிக் கட்டணத்தில் பயணம் செய்யலாம். பெற்றோர் ஊரிலிருந்து வந்து தங்கும்போது இந்தப் பதிவை முதல் வேலையாக முடித்துவிடுவது நல்லது.

நகர மையத்துக்குள் ஓடும் கோ கே.எல். பேருந்துகள் 2012-இல் தொடங்கப்பட்டவை. தடங்களுக்குப் பச்சை, ஊதா, சிவப்பு, நீலம் என்று நிறங்களே பெயர். இவற்றில் உள்ள இலவசப் பயணச் சலுகை குடிமக்களை முன்னிட்டது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் டச் அண்ட் கோ அட்டையோடு ஏறுவதே பாதுகாப்பு. மாலை ஐந்து மணிக்கு மேல் இந்தப் பேருந்துகள் மற்ற வாகனங்களோடு நெரிசலில் நிற்கும் என்பதால், அவசரமாகப் போக வேண்டியிருந்தால் ரயிலையே நம்புங்கள். எம்.ஆர்.டி. நிலையத்திலிருந்து குடியிருப்புப் பகுதிகளுக்குச் செல்லும் இணைப்புப் பேருந்துக்கு ஒரு ரிங்கிட்தான்; நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் உள்ள கடைசித் தொலைவுக்கு அது பெரிய உதவி.

கிராப் காரை அடியோடு தவிர்க்க வேண்டும் என்பதும் இல்லை. நான்கு பேர் சேர்ந்து போகும்போது, நான்கு ரயில் கட்டணத்தைவிட ஒரு காரின் கட்டணம் குறைவாக இருப்பதும் உண்டு. தனியாகப் போகிறவருக்குத்தான் அது கட்டுப்படியாகாது.

இரண்டாம் படி: ஒரு நாளுக்கு ஒரு வட்டாரம்

காலையில் பத்துமலை, மதியம் இரட்டைக் கோபுரம் உள்ள கே.எல்.சி.சி., மாலையில் தித்திவங்சா என்று ஒரே நாளில் நகரின் மூன்று மூலைகளையும் தொட நினைப்பவர், பாதி நாளை ரயில் மேடையில் கழிப்பார். ஒரு நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, அதைச் சுற்றி நடந்தே பார்க்கக்கூடியவற்றைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் வேறொரு நிலையத்துக்குப் போவது, பணத்துக்கும் காலுக்கும் நல்லது.

முதல் வாரத்துக்கு மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தைப் பரிந்துரைக்கிறேன். இந்த ஒரு வட்டாரத்திலேயே நகரத்தின் பழைய வரலாறு முழுதும் நடக்கும் தொலைவில் கிடைக்கிறது. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் நிற்கும் மஸ்ஜித் ஜாமெக், ஆர்தர் பெனிசன் ஹப்பாக் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1909-இல் திறக்கப்பட்டது; 1965-இல் தேசியப் பள்ளிவாசல் திறக்கப்படும்வரை நகரத்தின் தலைமைப் பள்ளிவாசல் இதுதான். தொழுகை நேரம் தவிர்த்து மற்றவர்களும் உள்ளே சென்று பார்க்கலாம். தேவையான மேலங்கியை அங்கேயே தருவார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள்.

அங்கிருந்து வெளியே வந்ததும் ஆற்றின் மறுகரையில், மணிக்கூண்டோடு நிற்கும் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் தெரியும். 1897-இல் கட்டி முடிக்கப்பட்ட அதன் செங்கல் வளைவுகளை வெளியிலிருந்து பார்ப்பதே நிறைவாக இருக்கும். எதிரே இருக்கும் புல்வெளிதான் டத்தாரான் மெர்டேக்கா. 1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறக்கப்பட்டு மலாயாவின் கொடி ஏற்றப்பட்ட திடல். இதன் ஓரத்தில் இருக்கும் கோலாலம்பூர் நூலகத்துக்குக் கட்டணம் இல்லை. பத்து மணிக்கு மேல் திடலில் நிற்க முடியாதபடி வெயில் ஏறிவிடும்போது, குளிரூட்டப்பட்ட அந்த நூலகத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து படித்துவிட்டுக் கிளம்பலாம்.

நிலையத்தின் பக்கமாகத் திரும்பி நடந்தால் லெபோ அம்பாங் வருகிறது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் நடத்திய தெரு இது. சில கட்டடங்களின் முகப்புகளில் பழைய வேலைப்பாடுகள் இன்னும் தப்பியிருக்கின்றன. எதிர்த் திசையில் மஸ்ஜித் இந்தியா சாலை. அங்கே 19-ஆம் நூற்றாண்டிலேயே நம் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசலும், அதைச் சுற்றித் துணிக்கடைகளும் பாத்திரக் கடைகளும் உள்ளன. எதையும் வாங்காமலே ஒரு மணி நேரம் போய்விடும். சேலைக் கடைகளுக்குள் நுழைந்தால் அது அவரவர் பொறுப்பு.

தெற்கே பதினைந்து நிமிடம் நடந்தால் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்தின் இராஜகோபுரம் தெரியும். 1873-இல் தம்புசாமிப் பிள்ளையின் குடும்பக் கோயிலாகத் தொடங்கிய இவ்வாலயத்திலிருந்துதான் தைப்பூசத்தின்போது வெள்ளி இரதம் பத்துமலைக்குப் புறப்படுகிறது. கோயிலுக்கு எதிர்ச்சாரியில் குவான் டி சீனக் கோயில் இருக்கிறது; சற்றுத் தள்ளி, அக்காலச் சீனர் தலைவரான யாப் ஆ லோய் 1864-இல் நிறுவிய சின் சே சி யா கோயிலும் இருக்கிறது. இவை எதற்கும் கட்டணம் இல்லை. பெட்டாலிங் சாலையின் பின்புறமுள்ள குவாய் சாய் ஹோங் சந்தில் பழைய சீனக் குடியிருப்பு வாழ்க்கையைச் சுவரோவியங்களாகத் தீட்டியிருக்கிறார்கள். 1937-இல் கட்டப்பட்ட சென்ட்ரல் மார்க்கெட்டுக்குள் போனால் குளிர்ச்சியாக இருக்கும். வார இறுதிகளில் அங்கே கலை நிகழ்ச்சிகளும் நடப்பதுண்டு.

இங்கே ஒரு சிறு உத்தி. வந்த வழியே மஸ்ஜித் ஜாமெக்குக்குத் திரும்பி நடக்க வேண்டாம். சென்ட்ரல் மார்க்கெட்டுக்கு அருகிலேயே பசார் செனி நிலையம் இருக்கிறது. ஒரு நிலையத்தில் இறங்கி, நடந்து பார்த்துவிட்டு, இன்னொரு நிலையத்தில் ஏறுவது என்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால் இந்த நகரத்தில் நடை பாதியாகக் குறைந்துவிடும்.

இரண்டாவது வட்டாரம் மியூசியம் நெகாரா எம்.ஆர்.டி. நிலையம். கே.எல். சென்ட்ரலிலிருந்து நடைவழியாகவே இங்கு வந்துவிடலாம். 1963-இல் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகத்துக்குக் குடிமக்களுக்கு 2 ரிங்கிட், வெளிநாட்டவருக்கு 5 ரிங்கிட் என்ற அளவில்தான் கட்டணம். கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றி, நம் இலக்கியங்களில் வரும் கடாரத்தைப் பற்றி அறிய விரும்புபவர்கள் அங்கே கிடைத்த தொல்பொருள்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். அருங்காட்சியகத்துக்குப் பின்னால் நடந்தால் தாமான் போத்தானி பெர்டானா என்ற தாவரவியல் பூங்கா. 1888-இல் ஏரித் தோட்டமாகத் தொடங்கப்பட்ட இதற்கும் கட்டணம் இல்லை. மான்களைப் பார்க்கலாம், ஆர்க்கிட் தோட்டத்துக்குச் சில நாட்களில் சிறு கட்டணம் இருக்கும். அருகிலுள்ள பறவைப் பூங்கா அருமையானதுதான், ஆனால் அது குறைந்த செலவுப் பட்டியலில் சேராது. அதை விருந்தினர் வரும் நாளுக்கு ஒதுக்கி வையுங்கள்.

பூங்காவின் வடபுறத்தில், 1966-இல் திறக்கப்பட்ட 15 மீட்டர் உயரமுள்ள தேசிய நினைவுச் சின்னம் நிற்கிறது. அதற்கும் அப்பால் தாமான் துகு. இது வேலைப்பாடு மிக்க பூங்கா அல்ல. நகரத்தின் நடுவே விட்டுவைக்கப்பட்ட காடு. மரவேர்கள் குறுக்கிடும் மண் பாதைகளும், அங்கங்கே மரப்படிகளும், வழிகாட்டிப் பலகைகளும் உண்டு; அனுமதி இலவசம். மழை பெய்த மறுநாள் போனால் வழுக்கும் என்பதால் செருப்பு உதவாது, அடிப்பிடியுள்ள காலணி வேண்டும். புக்கிட் நானாஸ் காட்டிலுள்ள தொங்கு நடைபாதையும் முன்பு இலவசமாகத்தான் இருந்தது. இப்போது அங்கே கட்டணம் வாங்குகிறார்கள், வெளிநாட்டவருக்கு அது கணிசமானது. காட்டு நடைதான் நோக்கம் என்றால் தாமான் துகு போதுமானது.

மூன்றாவது வட்டாரமான தித்திவங்சாவைப் பலர் ரயில் மாறும் இடமாக மட்டுமே அறிவார்கள். எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில் மூன்றும் கூடும் அந்த நிலையத்திலிருந்து ஏரிப் பூங்காவுக்கு நடந்து போகலாம். நகரத்தின் உயர்ந்த கட்டடங்கள் அனைத்தும் ஏரிக்கு அப்பால் வரிசையாகத் தெரியும் இடம் அது. கூடுதலாகப் பணம் கொடுத்துக் கோபுர உச்சிக்கு ஏறினால், நீங்கள் ஏறிய கோபுரத்தையே பார்க்க முடியாது. இங்கே காசில்லாமல் எல்லாவற்றையும் பார்க்கலாம். அருகில், ஜாலான் துன் ரசாக்கை ஒட்டி, 1958-இல் நிறுவப்பட்ட தேசியக் கலைக்கூடம் இருக்கிறது. நுழைவு இலவசம், கூட்டமும் குறைவு. மழை நாளில் குழந்தைகளை அழைத்துச் செல்வதென்றால், சாசானா கிஜாங்கில் உள்ள பேங்க் நெகாரா அருங்காட்சியகத்தைச் சொல்வேன். அதற்கும் கட்டணம் இல்லை. நாணயங்களின் வரலாறும் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியும் உண்டு.

கே.எல்.சி.சி.யைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எல்லாரும் தாமாகவே போய்விடுவார்கள். 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரத்தின் மேலே ஏறுவதற்குத்தான் சீட்டு. கீழே உள்ள 50 ஏக்கர் பூங்கா, பிரேசிலைச் சேர்ந்த ரோபெர்ட்டோ புர்லே மார்க்ஸ் வடிவமைத்தது. அதிலுள்ள விளையாட்டுத் திடலும், குழந்தைகள் முழங்கால் நீரில் விளையாடும் குளமும் இலவசம். மாற்றுடை கொண்டு போகாவிட்டால் பேரங்காடியில் புது உடுப்பு வாங்க வேண்டியிருக்கும், அங்கே சிக்கனம் முடிந்துவிடும். இருட்டியபின் ஏரியில் விளக்கும் இசையுமாக நீரூற்றுகள் ஆடும். அதன்பின் கம்போங் பாருவுக்குச் செல்லும் சலோமா பாலத்தில் நடந்து போகலாம். 69 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம் 2020-இல் திறக்கப்பட்டது. மலாய்த் திருமணங்களில் வைக்கும் வெற்றிலைக் கூம்பின் வடிவைத் தழுவியது. மறுபக்கம் புக்கிட் பிந்தாங் போக வேண்டுமென்றால், சாலைக்கு மேலே குளிரூட்டப்பட்ட நடைபாலம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. மழையில் நனையாமல், ரயில் கட்டணம் இல்லாமல் போய்ச் சேரலாம்.

மூன்றாம் படி: பத்துமலைக்குத் தனி நாள்

பத்துமலைக்குத் தைப்பூசத்தன்று மட்டும் போகிறவர்கள் அந்த மலையைப் பார்ப்பதே இல்லை என்று சொல்வேன். முன்னால் இருப்பவரின் முதுகையும் பால்குடத்தையும்தான் பார்க்கிறார்கள். சாதாரண வாரநாள் காலையில் ஒருமுறை போய்வாருங்கள்.

கே.எல். சென்ட்ரலிலிருந்து பத்துமலைக்கு நேராகக் கம்யூட்டர் ரயில் இருக்கிறது. சுமார் அரை மணி நேரப் பயணம், கட்டணம் மூன்று ரிங்கிட்டுக்குள் அடங்கும். எல்.ஆர்.டி.யைப் போல் சில நிமிடங்களுக்கு ஒன்று வராது. ஒரு ரயிலைத் தவறவிட்டால் அரை மணி நேரமோ அதற்கு மேலுமோ காத்திருக்க நேரும் என்பதால், நேர அட்டவணையைப் பார்த்துவிட்டே வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு. மேடையில் இளஞ்சிவப்புக் குறியீடு இருக்கும் இடத்தில் அது வந்து நிற்கும்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் எதிர்ப்படுவது அனுமார் சிலையும் இராமாயணக் குகையும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. முருகன் சிலையைத் தாண்டி ஏறும் பெரிய குகைக்குக் கட்டணம் இல்லை. புதிதாக வருகிறவர்களில் சிலர், முதலில் கண்ட சீட்டுக் கூண்டிலேயே பணம் கட்டிவிட்டு, அதுதான் பத்துமலைக் கட்டணம் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

42.7 மீட்டர் உயரமுள்ள சிலை 2006-இல் திறக்கப்பட்டது. அதன் அருகிலிருந்து 272 படிகள். 2018-இல் வண்ணம் தீட்டப்பட்ட இந்தப் படிகள் படத்தில் தெரிவதைவிடச் செங்குத்தானவை. படியின் அகலமும் குறைவு, பெரியவர்களின் பாதம் முழுமையாகப் பதியாது. ஏறும்போது பெரிய சிரமம் இருக்காது. இறங்கும்போதுதான் குதிகாலில் கவனம் வேண்டும். முழங்காலுக்கு மேல் ஏறிய உடையில் வந்தால் அடிவாரத்திலேயே நிறுத்தி, காசு கொடுத்துத் துணி வாங்கிச் சுற்றிக்கொள்ளச் சொல்வார்கள். வீட்டிலிருந்தே நீண்ட உடை அணிந்து வந்தால் அந்தச் செலவு மிச்சம்.

குரங்குகளைப் பற்றி எல்லாரும் எச்சரிப்பார்கள், ஆனால் எதற்கு அஞ்ச வேண்டும் என்று சொல்வதில்லை. அவற்றின் கண் பிளாஸ்டிக் பையின் மேல்தான். அர்ச்சனைத் தேங்காயையும் வாழைப்பழத்தையும் பிளாஸ்டிக் பையில் கையில் தொங்கவிட்டுக்கொண்டு ஏறினால், பாதிப் படியில் கைப்பிடிச் சுவரிலிருந்து ஒன்று இறங்கிவந்து பையின் அடிப்பக்கத்தைக் கிழிக்கும். பழம் உருண்டு கீழே போகும், நாமும் அதன் பின்னால் போக வேண்டியிருக்கும். அதையே துணிப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் சீந்தாது. தண்ணீர்ப் புட்டியையும் உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: வெயிலையும் மழையையும் அனுசரித்துப் போதல்

திறந்தவெளி இடங்களைக் காலை பத்தரைக்குள் முடித்துவிட வேண்டும், அல்லது மாலை ஐந்துக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டும். இடைப்பட்ட நேரம் அருங்காட்சியகம், நூலகம், கலைக்கூடம் ஆகியவற்றுக்கு உரியது. ஆண்டு முழுதும் பிற்பகலில் இடியோடு மழை வரும் வாய்ப்பு உண்டு. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் அது இன்னும் அடிக்கடி வரும். மழையில் மாட்டிக்கொண்டவுடன் கிராப் விலை இரண்டு மடங்காக ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மணி நேரம் பொறுத்தால் மழையும் நின்றுவிடும், விலையும் இறங்கிவிடும். குடையைவிடப் பொறுமைதான் இங்கே அதிகம் மிச்சப்படுத்துகிறது.

ஞாயிறு காலையில் சீக்கிரம் எழக்கூடியவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. நகர மையத்தின் முக்கியச் சாலைகளைச் சில மணி நேரம் வாகனங்களுக்கு மூடி, ஓடுபவர்களுக்கும் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கும் விட்டுவிடுகிறார்கள். வழக்கமாகக் காலை 7 முதல் 9 மணி வரை நடக்கும். பெரிய நிகழ்ச்சிகள் இருக்கும் வாரங்களில் இது நடக்காமல் போகலாம் என்பதால், முந்தைய நாள் மாநகராட்சி மன்றத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி மன்றம் டத்தாரான் மெர்டேக்கா, கம்போங் பாரு போன்ற பகுதிகளில் வழிகாட்டியோடு கூடிய இலவச நடைச் சுற்றுகளையும் நடத்திவந்திருக்கிறது. இவற்றுக்கு முன்பதிவு தேவைப்படும்.

ஐந்தாம் படி: பார்க்கும் இடத்தில் சாப்பிடாதிருத்தல்

சுற்றுலா இடத்தின் வாசலில் இருக்கும் கடையில் விலை கூடுதலாகத்தான் இருக்கும். இரண்டு தெரு தள்ளிப் போனால், அங்கே வேலை செய்பவர்கள் சாப்பிடும் கடை இருக்கும். மதியம் பன்னிரண்டரைக்கு அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எந்தக் கடைக்குக் கூட்டம் போகிறதோ அதன் பின்னால் போங்கள்.

பசியாற ஒட்டுக்கடையோ, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையோ போதும். ரொட்டி சானாய் கோசோங் (உள்ளே எதுவும் சேர்க்காத ரொட்டி) இரண்டும் ஒரு தே ஓவும் (பாலில்லாத தேநீர்) சொன்னால் பசியும் அடங்கும், செலவும் ஒற்றை இலக்கத்தைத் தாண்டாது. முட்டை, சார்டின், பாலாடைக்கட்டி என்று ரொட்டிக்குள் ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க விலை ஏறும். பருப்பும் குழம்பும் கேட்டால் ஊற்றுவார்கள். மதியத்தில் கலப்புச் சோற்றுக் கடையில் அவரவரே பரிமாறிக்கொள்ளும்போது, தட்டில் கறி எத்தனை வகை என்பதைப் பொறுத்தே விலை சொல்கிறார்கள். இரண்டு காய்களும் ஒரு முட்டையும் வைத்தால் ஒரு கணக்கு, கணவாயும் பெரிய இறாலும் வைத்தால் வேறு கணக்கு. விலையை எழுதி ஒட்டாத கடையில், மீனையோ இறாலையோ தொடுமுன் கேட்டுவிடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. 2023-இல் அறிமுகமான ரஹ்மா உணவுத் திட்டத்தில் சேர்ந்துள்ள கடைகளில் 5 ரிங்கிட்டுக்குள் ஒரு வேளைச் சாப்பாடு கிடைக்கும். உணவுப் பட்டியலில் தெரியாவிட்டால் கேட்டுப் பாருங்கள்.

இரவுக்குப் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு கிழமை. புதன்கிழமை செராஸ் தாமான் கன்னோட்டில் கூடும் சந்தை மிக நீளமானது. முதல் சுற்றில் எதையும் வாங்காமல் கடைசிவரை நடந்துவிட்டு, திரும்பி வரும்போது வாங்குவதே அங்கே சரியான முறை. சில்லறையை மறவாதீர்கள், பொதுக் கழிவறைகள் பலவற்றிலும் அது தேவைப்படும்.

ஆறாம் படி: கட்டண விவரத்தைச் சரிபார்த்தல்

இங்கே பல இடங்களில் குடிமக்களுக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு ஒரு கட்டணம். மைகாட் என்ற அடையாள அட்டை கையில் இல்லாத மலேசியர் கூடுதலாகக் கட்ட நேரலாம். மாணவர் அட்டைக்குச் சலுகை இருந்தாலும் கேட்காமல் தர மாட்டார்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும் இடங்கள் சில உண்டு. கே.எல்.சி.சி.யின் குழந்தைகள் குளமும் அப்படித்தான். கிளம்புமுன் ஒருமுறை பார்த்துக்கொள்வதைத் தவிர இதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

ஏழாம் படி: நம்மவர் நாள்காட்டியைப் பின்பற்றுதல்

இதுவரை சொன்னவை எந்தப் பயணிக்கும் பொருந்தும். தமிழ் அறிந்தவருக்கு மட்டும் திறக்கும் வாசல்கள் வேறு சில இருக்கின்றன. அவற்றைப் பற்றிய செய்தி ஆங்கிலத்தில் வருவதே இல்லை. மலேசிய நண்பன், மக்கள் ஓசை ஆகிய நாளேடுகளின் ஞாயிறு பதிப்புகளிலும் மின்னல் எஃப்.எம். வானொலி அறிவிப்புகளிலும் நூல் வெளியீடு, பட்டிமன்றம், திருமுறை விழா, நாட்டிய அரங்கேற்றம் என்று வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலானவற்றுக்கு அனுமதி இலவசம். விஸ்மா துன் சம்பந்தனில் உள்ள டான்ஸ்ரீ சோமா அரங்கம் இத்தகைய நிகழ்ச்சிகளுக்குப் பெயர்பெற்ற இடம். நூல் வெளியீட்டில் தேநீரும் பலகாரமும் உண்டு. சாப்பிட்டுவிட்டு நூலை வாங்காமல் நழுவுவதை யாரும் தடுக்க மாட்டார்கள் என்றாலும், ஒரு பிரதி வாங்கிக்கொள்வதே மரியாதை. அந்த ஒரு செலவைச் சிக்கனத்தின் பெயரால் தவிர்க்காதீர்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்தியப் பண்பாட்டு மையத்தில் யோகா, இசை, நடன வகுப்புகளும் நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. அதே வட்டாரத்தில் 1904-இல் கட்டப்பட்ட விவேகானந்தா ஆசிரமம், ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில், பௌத்த மகா விகாரம் ஆகியவற்றை ஒரே மாலையில் நடந்து பார்த்துவிடலாம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இங்கே கடைகள் நடைபாதை வரை நீளும். விசாக தினத்தன்று மகா விகாரத்தைச் சுற்றிக் கூட்டம் நிரம்பி வழியும்.

கோயில் அன்னதானத்தைப் பற்றிப் புதியவர்கள் தயங்குவதைக் காண்கிறேன். நவராத்திரி, கந்த சஷ்டி, ஆடி வெள்ளி, கும்பாபிஷேகம் போன்ற நாட்களில் வந்தவர் அனைவருக்கும் பரிமாறுவதே முறை. எந்தக் கோயில் உறுப்பினர் என்று யாரும் கேட்பதில்லை. வழிபாடு முடிந்தபின் வரிசையில் நின்று, வேண்டிய அளவே வாங்கி, இலையை நாமே எடுத்துப் போட்டால் போதும். பரிமாற ஆள் குறையும் நாளில் வாளியை வாங்கிக்கொண்டு ஒரு பந்திக்கு உதவினால், அடுத்த முறை அங்கே நான்கு பேர் பெயர் சொல்லி அழைப்பார்கள்.

திறந்த இல்ல உபசரிப்பும் அத்தகையதே. தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு காலங்களில் அண்டை வீட்டாரும் சக ஊழியரும் அழைப்பார்கள். பொதுமக்கள் அனைவருக்குமான பெரிய உபசரிப்புகளை அரசும் அமைப்புகளும் நடத்தும். தனி வீட்டுக்குப் போகும்போது ஒரு டப்பா பலகாரமோ ஆரஞ்சுப் பழமோ கொண்டு போங்கள். குழந்தைகளுக்குப் பண உறை கொடுப்பது குடும்பத்தினரின் வழக்கம், புதிதாக வந்த இளைஞரிடம் யாரும் அதை எதிர்பார்ப்பதில்லை. ஒரே நாளில் மூன்று வீட்டு அழைப்பு இருந்தால், முதல் வீட்டிலேயே பிரியாணியை இரண்டாம் முறை வாங்காதீர்கள். மூன்றாம் வீட்டு அக்கா, சாப்பிடாமல் விடமாட்டார்.